பனியில்லாத கடலும் நீலத்திமிங்கிலமும்: திருகோணமலையின் ஒரு படவரலாறு

காட்டுயிர்ப் படம் எண்டதும் எல்லாருக்கும் முதல்ல ஞாபகம் வாறது வெண்பனிதான். பனிக்குள்ள நிக்கிற ஓநாய், பனிக்கரடி, பென்குயின் கூட்டம். குளிர்காலத்தில் கமெராவோடு வெளியே போவது வடநாட்டவரின் வேலை என்று நாங்களும் நினைத்துப் பழகிவிட்டோம். திருகோணமலையில் பனி கொட்டுவதில்லை. எங்களுக்குக் குளிர்காலம் என்றால் வாடைக்காற்றும் மாரி மழையும்தான். ஆனால் அந்த மாரி ஓய்ந்து கடல் அடங்குகிற மாசி, பங்குனியில், உலகின் மிகப் பெரிய உயிரினம் எங்கள் கரைக்குப் பக்கத்தில் வந்து மூச்சு விடுகிறது. அதை யார் படம் எடுத்தார்கள், யாரால் எடுக்க முடியாமல் போனது என்ற கேள்விகளுக்குள் எங்கள் ஊரின் வரலாறும் இருக்கிறது.

நீலத்திமிங்கிலத்தின் பழைய படங்களைத் தேடினால் அதிகம் கிடைப்பவை உயிரற்ற உடல்களின் படங்கள். 1904இல் தென் அத்திலாந்திக்கின் தெற்கு ஜோர்ஜியாத் தீவில், கிறிட்விகன் என்ற இடத்தில் திமிங்கில வேட்டை நிலையம் தொடங்கியது. பின்னணியில் பனிமலை, முன்னால் தோலுரிக்கிற மேடை, அதன் மேல் திமிங்கிலம், பக்கத்தில் அளவுக்காக நிற்கும் மனிதன். அந்த நூற்றாண்டின் முதற்பாதியில் உலகம் பெரும்பாலும் இப்படித்தான் நீலத்திமிங்கிலத்தைப் பார்த்தது. உயிரோடு இருக்கும்போது அது காட்டுவது முதுகின் ஒரு துண்டையும் நீர்ப்புகையையும் மட்டும்தான்.

எங்கள் கடலுக்குள் கமெரா இறங்கிய கதையில் முக்கியமான ஆண்டு 1956. ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் சுவாமி மலையின் அடிவாரத்தில் மூழ்கினார்கள். போர்த்துக்கேயர் 17ஆம் நூற்றாண்டில் இடித்துத் தள்ளிய கோணேசர் கோயிலின் தூண்களை அவர்கள் நீருக்கடியில் கண்டதை ஊரில் கனபேர் அறிவர். ஆனால் அவர்கள் தேடிப் போனவற்றில் முருகைக்கற்பாறைகளும் மீன்களும் இருந்தன. கிளார்க் 1957இல் வெளியிட்ட பயண நூலின் பெயரிலேயே இலங்கையின் பாறைத்திட்டுகள்தான் இருக்கின்றன. கோயிலும் கடலுயிரும் ஒரே தேடலில் கிடைத்தன. இன்றைக்கு நாங்கள் கோயிலை மட்டும் நினைவில் வைத்திருக்கிறோம்.

திமிங்கிலத்தின் முறை பிறகு வந்தது. 1979இல், சீசெல்ஸ் நாடு முன்வைத்த யோசனைப்படி, சர்வதேச திமிங்கில வேட்டை ஆணையம் இந்து சமுத்திரத்தைச் சரணாலயமாக அறிவித்தது. வேட்டையை நிறுத்தியாச்சு, ஆனா உள்ளே என்ன இருக்கு? அதைப் பார்க்க, உலக இயற்கை நிதியத்தின் ஆதரவோடு 'டியூலிப்' என்ற சிறிய பாய்மரப் படகு வந்தது. ஹால் வைட்ஹெட், ஜொனதன் கோர்டன், அபிகேல் அல்லிங் போன்ற ஆய்வாளர்கள் அதில் இருந்தார்கள். 1983, 1984 ஆண்டுகளில் அவர்கள் திருகோணமலைக் கடலிலும் வேலை செய்தார்கள்.

அவர்களின் முக்கியமான கருவி கமெரா. விந்துத்திமிங்கிலம் ஆழத்துக்குப் போகும்போது வாலைத் தூக்கும். அந்த வால் ஓரத்தின் வெட்டும் கிழிசலும் ஒவ்வொன்றுக்கும் வேறுவேறு. நீலத்திமிங்கிலத்துக்கு உடம்பின் பக்கவாட்டில் உள்ள சாம்பல் புள்ளிகள்தான் கைரேகை. ஒரே புள்ளிக்கோலம் இன்னொரு நாள் படத்திலும் வந்தால், அதே திமிங்கிலம் இங்கேயே நிற்கிறது என்று அர்த்தம். கொல்லாமல் எண்ணிக்கை எடுக்கிற வழி இதுதான்.

அந்தப் படகில் இருந்தவர்கள் கண்டது பழைய பாடத்தை அசைத்தது. நீலத்திமிங்கிலம் பனிக்கடலில் வயிறு நிரப்பி, வெப்பக்கடலுக்கு வந்து பட்டினி கிடக்கும் என்பதே பொதுவான எண்ணம். இங்கோ அவை இரை தின்றுகொண்டிருந்தன. கொட்டியாரக் குடாவுக்குள் ஆழ்கடல் பள்ளத்தாக்கு ஒன்று நுழைகிறது. கரைக்கு மிக அருகிலேயே கடல் திடீரென ஆழமாகிவிடும். அதனால்தான் சுவாமி மலை மேல் நின்றே சிலநேரம் நீர்ப்புகையைக் காணலாம். வட இந்து சமுத்திரத்தின் நீலத்திமிங்கிலங்கள் பனிக்கடலுக்குப் போகாமல் வெப்பக்கடலிலேயே வாழ்கின்றன என்பது இன்று ஏற்றுக்கொள்ளப்பட்ட விசயம். 1960களில் சோவியத் கப்பல்கள் அரபிக்கடல் பக்கத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவற்றை இரகசியமாகக் கொன்றது 1990களில்தான் வெளியே வந்தது. அப்படியென்றால் டியூலிப் படம் எடுத்தது, தப்பிப் பிழைத்தவற்றையும் அவற்றின் பிள்ளைகளையும்தான்.

1983 யூலையில் என்ன நடந்தது என்று எங்கள் வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. போர் கடலையும் மூடியது. தொழிலுக்குப் போகப் பாஸ், நேரக்கட்டுப்பாடு, தடை. துறைமுகத்தைச் சுற்றிக் கமெராவைத் தூக்கினாலே சந்தேகம். 2002இல் போர்நிறுத்தம், 2004இல் சுனாமி, 2006இல் மாவிலாறும் சம்பூரும், 2009இல் முடிவு. இந்தக் காலம் முழுக்கத் திமிங்கிலம் வந்து போனதைக் கடற்தொழிலாளர்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். படம் எடுக்கத்தான் வழியில்லை.

போருக்குப் பிறகு நிலைமை தலைகீழ். தெற்கில் மிரிஸ்ஸ, இங்கே உப்புவெளி, நிலாவெளி என்று திமிங்கிலம் காட்டும் படகுகள் ஓடுகின்றன. 2012இல் கடற்பாலூட்டிகளைப் பார்வையிடுவதற்கான ஒழுங்குவிதிகள் வந்தன. ஆனாலும் ஒரு நல்ல படத்துக்காக மூன்று நாலு படகுகள் ஒரே திமிங்கிலத்தைத் துரத்தினால், அது மூச்செடுக்க வந்த இடத்தில் நிம்மதியாக மூச்செடுக்க ஏலாது.

இதில் எங்கள் கவலை இரண்டு. ஒன்று, திமிங்கிலத்தின் அமைதி. மற்றது, பதிவு. 1984இன் படங்கள் வெளிநாட்டு ஆய்வாளர்களிடம் இருக்கின்றன. அதைக் குற்றமாகச் சொல்லவில்லை, அவர்கள் எடுத்திருக்காவிட்டால் அதுவும் இருந்திருக்காது. ஆனால் அதற்குப் பிந்திய இருபத்தைந்து ஆண்டுகளுக்கு எங்களிடம் இருப்பது முதியவர்களின் ஞாபகம் மட்டும். எந்த மாதத்தில் கண்டார்கள், எவ்வளவு தூரத்தில், குட்டியோடா தனியாகவா, வலையில் சிக்கியதா? இவற்றைச் சொல்லக்கூடியவர்கள் இன்னும் எங்கள் கரைகளில் இருக்கிறார்கள், நெடுநாள் இருக்கப்போவதில்லை.

ஆகவே வாசகர்களிடம் எங்கள் கோரிக்கை எளிமையானது. வீட்டில் கடலுக்குப் போன பெரியவர் இருந்தால் உட்கார்ந்து கேளுங்கள், அவர் சொல்கிறபடியே எழுதி வையுங்கள். நீங்களே கடலுக்குப் போய்ப் படம் எடுத்தால், படகைத் தள்ளி நிறுத்தச் சொல்லுங்கள். முகநூலில் போடுகிற படத்தோடு திகதியையும் இடத்தையும் சேர்த்துப் போடுங்கள். திகதி இல்லாத படம் அழகாக இருக்கலாம், ஆனால் அந்தத் திமிங்கிலம் அடுத்த வருசம் திரும்பி வந்ததா என்று அதை வைத்து யாராலும் சொல்ல முடியாது.