கடல் அட்டைக் குஞ்சு பொரிப்பு

கடல் அட்டை, நட்சத்திர மீனுக்கு உறவான முட்தோலி உயிர். பெயரில் அட்டை இருந்தாலும் இரத்தம் குடிக்காது. கடலடி மண்ணை விழுங்கி, அதில் மக்கிக் கிடப்பதைச் செரித்து, எஞ்சிய மண்ணைக் கழிக்கும். மன்னார் வளைகுடாவிலும் பாக் நீரிணையிலும் முக்குளிப்போர் இதை வெள்ளை அட்டை, ராஜ அட்டை, கல் அட்டை, தொட்டால் பிசின் நூலை உமிழும் நூல் அட்டை எனப் பிரித்தறிவர். விலை கூடியது வெள்ளை அட்டை. அறிவியல் பெயர் ஹோலோதூரியா ஸ்காப்ரா. அவித்து, மணலில் புதைத்து, மேல்தோலைச் சுரண்டி, மறுபடி அவித்துக் காயவைத்தால் சரக்கு தயார். உண்பவர் சீனர், நம் கரையில் இதைச் சமைப்பாரில்லை.

கண்மண் தெரியாத பிடிப்பால் அட்டை சிறுத்தது. காய்ந்த நிலையில் 7.5 செ.மீ.க்குக் குறைந்த அட்டையை ஏற்றுமதி செய்ய 1982இல் தடை வந்தது. வளத்தை மீட்கச் செயற்கைப் பொரிப்பே வழி என்று கருதிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் தூத்துக்குடி மையம், 1988இல் டி. பி. ஜேம்ஸ் தலைமையில் இந்தியாவில் முதன்முதலாக வெள்ளை அட்டைக் குஞ்சுகளைப் பொரித்தது. பின்னர் அதே ஊரில் ராஜ அட்டையும் பொரிக்கப்பட்டது.

வெளிப்பார்வைக்கு ஆண், பெண் தெரியாததால் தாயட்டைகளைக் கூட்டமாகவே தொட்டியில் விடுவர். நீரின் வெப்பத்தைச் சில பாகை உயர்த்தினால் முதலில் ஆண் தலைப்புறத்தைத் தூக்கி, ஆடி ஆடி வெண்ணிற விந்தைப் பீய்ச்சும். அதன் பிறகே பெண் லட்சக்கணக்கில் முட்டையிடும். இரண்டு நாளில் ஆரிகுலேரியா என்னும் மிதக்கும் இளவுயிரி உருவாகும். இதற்கு உணவு ஐசோகிரைசிஸ் முதலிய நுண்பாசிகள். பத்தாம் நாளையொட்டிப் பீப்பாய் வடிவ டோலியோலேரியா, அப்போது உணவில்லை. பதின்மூன்றாம் நாள்வாக்கில் ஐந்து உணர்கொம்புகளுடன் தட்டுகளில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டியதும் சர்காசம் பாசியை அரைத்து வடிகட்டிய சாறு கொடுப்பர். தொட்டிக்குள் கோபிபாட் என்னும் நுண்பூச்சி புகுந்துவிட்டால் ஒரு பொரிப்பு முழுதும் பாழ்.

குஞ்சைக் கடலில் விடுவது தனி வேலை. சிறு குஞ்சுகளை மீனும் நண்டும் தின்றுவிடும். ஆகவே தேறும்வரை குளத்திலோ அடைப்பிலோ வளர்த்து, கடற்புல் படுகையில் விட வேண்டும். நியூ கலிடோனியா, சாலமன் தீவுகளில் இது ஆராயப்பட்டது.

2001இல் கடல் அட்டைகள் அனைத்தும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்ந்தன. பிடிப்போடு வளர்ப்பும் அத்துடன் முடங்கியது. தூத்துக்குடி கண்ட நுட்பம் அதன் கரைக்கே பயன்படவில்லை. தடையை நீக்கக் கோரும் மனுக்கள் மீனவரிடமிருந்து அவ்வப்போது வருகின்றன. 2020இல் லட்சத்தீவில் கடல் அட்டைக் காப்பகம் அறிவிக்கப்பட்டது. இலங்கையில் யாழ்ப்பாணம், கிளிநொச்சி, மன்னார்க் கரைகளில் அட்டைப் பண்ணைகள் நடக்கின்றன. சில இடங்களில் உள்ளூர் மீனவர் எதிர்க்கின்றனர்.