ஒலிம்பியாத் துப்பாக்கியின் ஆயுள்

துப்பாக்கி என்றதும் போரும் வேட்டையுமே பெரும்பாலோர் நினைவுக்கு வருவன. ஆனால், காகித இலக்கைத் துளைப்பதையன்றி வேறு தொழிலறியாத துப்பாக்கி வகையொன்றும் உண்டு. போட்டிக் கைத்துப்பாக்கி என்பது அதுவே. அதனை உடையவன் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான தோட்டாக்களைச் சுடுகிறான். போர்வீரன் ஒருவன் தன் கைத்துப்பாக்கியால் வாழ்நாள் முழுவதும் சுடுவதிலும் இது அதிகமாதல் கூடும். ஆகவே, அதன் ஆயுளைப் பற்றிய கேள்வி அவனுக்கு வெறும் ஆராய்ச்சியன்று. பல்லாண்டுப் பயிற்சியின் பலன் அதிலேயே தங்கியுள்ளது.

ஜேர்மனியின் தூரிங்கியா மலைப்பகுதியில் செல்லா என்னும் ஊரிலே 1886ஆம் ஆண்டு கார்ல் வால்தர் என்பவர் ஒரு துப்பாக்கிப் பட்டறையைத் தொடங்கினார். அயலூரான மேலிசுடன் செல்லா பின்னர் இணைந்து செல்லா-மேலிஸ் ஆயிற்று. பட்டறையும் வளர்ந்து பெருந்தொழிற்சாலையாயிற்று. 1936இல் பெர்லினில் நடந்த ஒலிம்பிக் விளையாட்டில், விரைந்து சுடும் கைத்துப்பாக்கிப் போட்டியில் ஜேர்மானியரான கோர்னேலியுஸ் வான் ஓயன் முதலிடத்தையும், அவர் நாட்டவரான ஹைன்ஸ் ஹாக்ஸ் இரண்டாமிடத்தையும் பெற்றனர். வால்தர் தொழிற்சாலையின் போட்டித் துப்பாக்கி ‘ஒலிம்பியா’ என்னும் பெயரோடு உலகெங்கும் புகழடைந்தது.

விரைந்து சுடும் போட்டிக்கான ஒலிம்பியா, 0.22 அங்குலக் குட்டைத் தோட்டாவுக்கென அமைக்கப்பட்டது. அத்தோட்டாவின் விசை மிகக் குறைவு. ஒவ்வொரு வேட்டின்போதும் பின்னோடி மீளும் மேற்பகுதியை அந்தச் சிறுவிசையே தள்ளவேண்டியிருந்தமையால், அதனை எஃகினால் அன்றி இலேசான உலோகக் கலவையால் ஆக்கினர். கை அசையாது நிற்க இஃது உதவியது. எனினும், இலேசான உலோகம் எஃகைப்போல் அடிதாங்குவதன்று.

இத்தகைய துப்பாக்கியிற் கெட்டுப்போவன எவை? குழல் எளிதில் தேய்வதில்லை. மெதுவான வேகத்தில் மென்மையான ஈயக் குண்டே அதனூடு செல்கிறது. முதலிற் களைப்பது சுருள்வில். அடுத்து, வெற்றுக் கோதைப் பற்றி இழுக்கும் சிறு கொக்கி மழுங்கும். தோட்டாப் பெட்டியின் மெல்லிய உதடுகள் சற்றே வளைந்தாலும் அடுத்த தோட்டா கோணலாக ஏறி இறுகிக்கொள்ளும். தோட்டாவின் விளிம்பைத் தட்டும் ஊசியோ, தோட்டா இல்லாத வேளையிற் சுட்டுப் பழகினால் குழலின் வாயையே மோதி, தானும் சிதைந்து அதனையும் சிதைக்கும். இவையாவும் உள்ளங்கையில் அடங்கும் சிறு பாகங்களே. ஆயினும் இவற்றுள் ஒன்று பழுதாயினும், எட்டு, ஆறு, நான்கு நொடிகளுக்குள் ஐந்து இலக்குகளைச் சுடவேண்டிய போட்டியாளன் அத்தொடரை இழந்தவனாவான்.

தொழிற்சாலை இயங்கியவரை இது பெருங்கவலை ஆகவில்லை. எழுதிக் கேட்டால் பாகம் வரும். 1945 ஏப்ரலில் அமெரிக்கப் படை செல்லா-மேலிசைக் கைப்பற்றியது. அதே ஆண்டு யூலையில் தூரிங்கியா சோவியத் படையின் கைக்கு மாறியது. வால்தர் குடும்பம் அங்கிருந்த தொழிற்சாலையை இழந்தது. உலகெங்கும் பரந்திருந்த ஒலிம்பியாத் துப்பாக்கிகள் ஒருநாளில் அநாதைகளாயின. நல்ல நிலையிலுள்ள துப்பாக்கியைக் கையில் வைத்துக்கொண்டு, ஒரு சுருள்வில்லுக்காக ஊர் ஊராய் விசாரிக்கும் நிலை அவற்றின் உடைமையாளருக்கு உண்டாயிற்று. கைதேர்ந்த துப்பாக்கிக் கம்மியர் சிலர் பாகங்களைத் தாமே செய்தனர். பழுதான ஒன்றைப் பிரித்து மற்றொன்றுக்குப் பொருத்துவதும் நடந்தது. அஃதும் எளிதன்று. கையால் அராவிப் பொருத்திய துப்பாக்கியின் பாகம், அதே பெயருடைய மற்றொன்றிலே மாற்றமின்றி அமரும் என்பதற்கு உறுதியில்லை.

மீட்சி வந்தது சுவிற்சர்லாந்திலிருந்து. லென்ஸ்பேர்க் நகரில் 1863 முதல் இயங்கிய ஹெமர்லி நிறுவனம், 1950களின் தொடக்கத்தில் உரிமம் பெற்று ஒலிம்பியாவின் வழியில் துப்பாக்கிகளைச் செய்யத் தொடங்கியது. ‘ஹெமர்லி-வால்தர்’ என்ற இரட்டைப் பெயர் அவற்றிற் பொறிக்கப்பட்டது. வால்தர் குடும்பத்தினரோ மேற்கு ஜேர்மனிக்கு வந்து, கணக்கிடும் பொறிகளும் காற்றுத் துப்பாக்கிகளும் செய்து, உல்ம் நகரில் மீண்டும் நிலைகொண்டனர். 1960களில் அவர்களே புதிய போட்டித் துப்பாக்கிகளை வெளியிட்டபோது, விசை அமைப்பைத் தனி அலகாகக் கழற்றிப் பூட்டும் முறை அவற்றில் இடம்பெற்றது. தொழிற்சாலையையே இழந்தவர்கள், எளிதில் மாற்றத்தக்க பாகங்களை நாடியதில் வியப்பில்லை.

உலோகத்தின் தேய்வாலன்றி விதியின் மாற்றத்தாலும் துப்பாக்கி ஓய்வுபெறுவதுண்டு. 2004இல் ஏதென்ஸ் ஒலிம்பிக் முடிந்தபின், விரைந்து சுடும் போட்டியின் விதிகள் 2005 முதல் மாற்றப்பட்டன. குட்டைத் தோட்டாவின் இடத்தை அதே விட்டமுடைய நீண்ட தோட்டா பெற்றது. குட்டைத் தோட்டாவுக்கென்றே அமைந்த, ஒரு கீறலும் இல்லாத துப்பாக்கிகள் அன்றே உலகப் போட்டிகளுக்கு உதவாதனவாயின. எத்தனை உதிரிப்பாகங்களைச் சேமித்து வைத்திருந்தாலும் அவற்றுக்கு இனி அங்கு இடமில்லை.

அதே பத்தாண்டில் ஹெமர்லி என்ற பெயரும் லென்ஸ்பேர்க்கை விட்டு உல்முக்குச் சென்று, வால்தரின் உரிமையாளரிடமே சேர்ந்தது. முன்பு உரிமம் பெற்றவரின் பெயர் இவ்வாறு உரிமம் கொடுத்தவரின் வீட்டையே அடைந்தது. பழைய ஒலிம்பியா ஒன்றை இன்றும் சுடுபவர்களோ, பழுதுபட்ட வேறொரு துப்பாக்கி எங்கேனும் விலைக்கு வருமா என்று பார்த்திருக்கின்றனர்.