உள்ளடங்கிய கல்வி: தாம்பரம் வட்டாரம்

மாற்றுத்திறன் கொண்ட குழந்தை, தெருவில் கூட விளையாடும் பிள்ளைகளோடு அதே பள்ளியில் அதே வகுப்பில் படிக்கும் முறை உள்ளடங்கிய கல்வி. திருநீர்மலை, பல்லாவரம், தாம்பரம் பகுதியில் இதன் வரலாறு பெரும்பாலும் தூரத்தின் வரலாறு.

தமிழகத்தில் முதலில் வந்தவை தனிப்பள்ளிகள். 1890களில் பாளையங்கோட்டையில் பார்வையற்றோருக்கு ஆஸ்க்வித் அம்மையாரும், காது கேளாதோருக்கு ஃபுளோரன்ஸ் சுவைன்சனும் தொடங்கிய மிஷன் பள்ளிகள் முன்னோடிகள். சேர்த்தால் விடுதியில் விட்டுவர வேண்டும். சென்னையிலும் பெரிய நிறுவனங்கள் நகருக்குள்ளேயே அமைந்தன. மூளை முடக்குவாதக் குழந்தைகளுக்காக 1985இல் தொடங்கி, பின்னாளில் பலரைப் பொதுப்பள்ளிக்கு அனுப்பிய வித்யாசாகர் இருப்பது கோட்டூர்புரத்தில். நடக்க முடியாத பிள்ளையை இடுப்பில் சுமந்து திருநீர்மலையிலிருந்து பஸ் மாறிப் போய்வந்தால் தாயின் நாள் அதிலேயே போய்விடும்.

இயன்றவரை பொதுப்பள்ளியிலேயே சேர்க்க வேண்டும் என்று 1944இல் சார்ஜென்ட் அறிக்கையும், 1966இல் கோத்தாரி குழுவும் சொல்லிவிட்டன. 1974இல்தான் மத்திய அரசு 'ஒருங்கிணைந்த கல்வி'த் திட்டம் கொண்டுவந்தது. அதையும் சமூக நலத்துறையிடம் கொடுத்தது. கல்வித்துறைக்கு அது வந்து சேர்ந்தது 1982இல். இது வெறும் நிர்வாகக் குளறுபடியல்ல. இக்குழந்தைகளை மாணவர்களாக அல்லாமல் உதவி பெறுவோராகப் பார்த்த மனநிலை. தமிழகச் சிறப்புப் பள்ளிகள் இன்றும் மாற்றுத்திறனாளிகள் நலத்துறையிடமே உள்ளன.

பிள்ளை பள்ளிக்கேற்ப மாறவேண்டும் என்ற எண்ணத்தை 1994இல் உலக மாநாட்டில் ஏற்கப்பட்ட சலமாங்கா பிரகடனம் புரட்டிப்போட்டது. மாறவேண்டியது பள்ளி என்றது. இந்தியாவில் 1995ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் 7 வகைக் குறைபாடுகளை ஏற்றது. 2016ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகைகளை ஏற்று, 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடுள்ள 6 முதல் 18 வயதினர் அருகமைப் பள்ளியிலோ விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசமாகப் படிக்கும் உரிமை தந்தது.

அன்று அலைந்தது தாய்; இப்போது அலைவது சிறப்பாசிரியர். வட்டார வள மையத்தைச் சார்ந்து, தொகுப்பூதியத்தில் பள்ளி பள்ளியாகச் செல்கிறார்; வரமுடியாத குழந்தைக்கு வீட்டுவழிக் கல்வி. பொதுத்தேர்வில் கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப்பாட விலக்கு ஆகியவை கிடைக்கின்றன. வாசலில் சாய்தளம் கட்டிவிட்டு, கழிப்பறைக்குப் போகும் வழியில் படியை அப்படியே விட்ட பள்ளிகளும் உண்டு. ஆட்டிசம், கற்றல் குறைபாடு உள்ள பிள்ளைக்கோ சாய்தளத்தால் பயனே இல்லை. அவனுக்கு வேண்டியது பயிற்சி பெற்ற ஆசிரியர்.

சிறப்பாசிரியர் விகிதத்தை வகுக்கும்படி 2021இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது; அதன்படி தொடக்க வகுப்புகளில் மாற்றுத்திறன் கொண்ட 10 மாணவருக்கும், மேல்வகுப்புகளில் 15 மாணவருக்கும் ஒரு சிறப்பாசிரியர் வேண்டும் என்று 2022இல் மத்திய அரசு விதி வகுத்தது. அதற்கான பணியிடங்களை அறிவிக்கும்படி மாநிலங்களுக்கு 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் மறுபடியும் உத்தரவிட வேண்டியிருந்தது.