கிராதியில் இருந்த நஞ்சு

வீடு என்பது குழந்தைக்கு அரண் என்றே நாம் எண்ணிப் பழகிவிட்டோம். அடுப்பு, கிணறு, படிக்கட்டு இவற்றிலிருந்து பிள்ளையைக் காத்துவிட்டால் நம் கடமை முடிந்ததெனக் கருதுகிறோம். ஆனால், வீட்டுக்கு அழகு செய்த பொருளே பிள்ளைகளை வருத்திய வரலாறு ஒன்று ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் உண்டு.

வெயில் கடுமையான அம்மாநிலத்தின் பழைய வீடுகள் பெரும்பாலும் மரத்தாலானவை. தரையிலிருந்து உயர்த்தி, கால்களின் மேல் நிறுத்தப்பட்டவை. அகன்ற தாழ்வாரமும் அதற்கு மரக் கிராதியும் உண்டு. காற்று வரும் இடம் அதுவே ஆதலின், தவழும் குழந்தை முதல் பள்ளிப் பிள்ளை வரை அங்கேதான் விளையாடும். தாய்மார்க்கும் அதில் நிம்மதி; கிராதி இருக்கையில் பிள்ளை கீழே விழாதல்லவா!

1890களின் தொடக்கத்தில் பிரிஸ்பேன் நகரக் குழந்தைகள் மருத்துவமனைக்கு விந்தையானதொரு நோயுடன் பிள்ளைகள் வரலாயினர். வயிற்று வலி, மணிக்கட்டும் பாதமும் துவண்டு தொங்குதல், சிலருக்குப் பார்வைக் கேடு. இது காரீய நஞ்சின் விளைவே என்று ஜெஃப்ரிஸ் டர்னரும் அவருடன் பணியாற்றிய மருத்துவர்களும் 1892இல் அறிவித்தனர். நோய் இன்னதென்று தெரிந்தது. நஞ்சு எவ்வழி வந்தது என்பது விளங்கவில்லை.

அதனைக் கண்டு சொன்னவர் லாக்ஹார்ட் கிப்ஸன் என்னும் கண் மருத்துவர். ஆண்டு 1904. அக்கால வண்ணப்பூச்சுக்கு அடிப்படைப் பொருள் காரீய வெள்ளை. வெயிலில் காய்ந்து காய்ந்து அது பொடியாகிவிடும். கிராதியைப் பற்றி நிற்கும் குழந்தையின் வியர்த்த கையில் அப்பொடி ஒட்டிக்கொள்ளும். விரல் சூப்பும் பிள்ளையும் நகம் கடிக்கும் பிள்ளையும் அதனை உண்ணும். காப்பதற்கென அமைத்த கிராதியே நஞ்சூட்டியது!

இவ்வளவு தெளிவாகச் சொல்லியும் உலகம் விரைந்து ஏற்கவில்லை. பிற மாநில மருத்துவர்கள் பலர் ஐயுற்றனர். பிற்காலத்தில் அமெரிக்காவில் காரீயத் தொழில் நடத்தியோர், பிள்ளையைக் கவனியாத பெற்றோர் மீதே பழியைச் சுமத்தினர். சுவரை நக்காத குழந்தை எந்த ஊரில் இருக்கிறது என்று அவர்களைக் கேட்கத் தோன்றுகிறது.

குவீன்ஸ்லாந்து 1922இல் சட்டம் இயற்றி, பிள்ளைகளின் கைக்கு எட்டும் இடங்களில் காரீயப் பூச்சைத் தடுத்தது. ஆயினும் முன்னரே உடலில் புகுந்த நஞ்சு சும்மா இருக்கவில்லை. 1915 முதல் 1935 வரை இந்நோய் கண்ட 401 பிள்ளைகள் பின்னாளில் என்னவாயினர் என்று ஹெண்டர்ஸன் என்னும் மருத்துவர் 1950களில் ஆராய்ந்தபோது, 165 பேர் இறந்துவிட்டிருந்தனர். அவருள் பெரும்பாலோரைக் கொண்டுபோனவை சிறுநீரக நோயும் குருதிக் குழாய் நோய்களும்.

அமெரிக்கா வீட்டுப் பூச்சில் காரீயத்தைத் தடை செய்தது 1978இல். நம் இந்திய அரசோ 2016இல்தான் விதி வகுத்தது. பத்து லட்சம் பங்கில் 90 பங்குக்கு மேல் காரீயம் கூடாது என்பது அவ்விதி. அது புதிய பூச்சுக்கு மட்டுமே பொருந்தும். பாட்டனார் காலத்துக் கதவிலும் சன்னல் கம்பியிலும் அடுக்கடுக்காக ஏறியிருக்கும் பழைய பூச்சுக்கு எந்த விதியும் இல்லை. பெருநாளுக்கும் திருமணத்துக்கும் புதுப் பூச்சு அடிக்குமுன் அதனைச் சுரண்டுகிறோமே, அந்தத் தூசி பறக்கும் நாள்களில் சிறு பிள்ளைகளையும் சூலுற்ற பெண்களையும் வேறு வீட்டில் இருத்துவது நலம். உலரச் சுரண்டாது நீர் தெளித்துத் தேய்க்குமாறு வேலையாளிடம் சொல்லுவோம். பின்னர்த் தரையைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைப்போம்.