மென்பொருள் உள்ளமைவு மேலாண்மையும் முன்மாதிரியும்

தொழில் வட்டாரத்தில் கான்ஃபிகரேஷன் மேனேஜ்மென்ட் எனப்படும் உள்ளமைவு மேலாண்மை, ஒரு பொருள் எந்தெந்த உறுப்புகளால், அவற்றின் எந்தெந்தப் பதிப்புகளால் ஆனது என்பதை எப்போது கேட்டாலும் சொல்ல முடியும்படி வைத்திருக்கும் துறை. மென்பொருளில் மூல நிரல், தேவை ஆவணம், வடிவமைப்பு, சோதனைத் தரவு, நிறுவும் கட்டளைகள், சர்வர் அமைப்புகள் அனைத்தும் இந்த உறுப்புகளில் அடங்கும். முன்மாதிரி என்பது முழுப் பொருளில் இறங்குவதற்கு முன், தீராத ஐயங்களைத் தீர்த்துக்கொள்ளச் செய்து பார்க்கும் மாதிரி. முன்மாதிரி செய்பவர் மாற்றத்தைத் தேடிப் போகிறார். உள்ளமைவைப் பார்த்துக்கொள்பவர் மாற்றத்தைப் பதிந்து வரம்புக்குள் வைக்கிறார். சோதித்துக் கற்றதைத் தவறாமல் திரும்பச் செய்ய வேண்டும் என்ற ஒரே தேவைக்காகத்தான் இரண்டும் உள்ளன. அதற்கு யார் பொறுப்பு என்ற கேள்விக்குக் காலந்தோறும் கிடைத்த விடைகள் வழியாகவே இத்துறை வளர்ந்தது.

தோற்றம்

1950களில் அமெரிக்க ஏவுகணைத் திட்டங்கள் பெரும் அவசரத்தில் நடந்தன. பொறியாளர்கள் சோதனைக் களத்திலேயே பாகங்களை மாற்றினார்கள். மாற்றங்கள் எல்லாம் வரைபடத்தில் ஏறவில்லை. வெற்றிகரமாகப் பறந்த முன்மாதிரி அந்தப் பறப்பிலேயே அழிந்துபோகும். அடுத்ததை அதேபோல் செய்ய முனைந்தபோது, பறந்தது எந்த அமைப்பில் இருந்தது என்பதற்கு முழுப் பதிவு இல்லை. இந்த அனுபவத்தால் அமெரிக்க விமானப்படை 1960களின் தொடக்கத்தில் முறையான கையேட்டை வெளியிட்டது. நாசா 1964இல் அப்பல்லோ திட்டத்துக்கென்று தனிக் கையேடு கொண்டுவந்தது.

மென்பொருளுக்கு இந்த ஒழுங்கு எவ்வளவு தேவை என்பதை அப்பல்லோ விண்கலக் கணினி காட்டியது. எம்.ஐ.டி. ஆய்வகத்தில் எழுதப்பட்ட நிரல், கோர் ரோப் என்ற நினைவகத்தில் செம்புக் கம்பியாகக் கையால் பின்னப்பட்டது. கம்பி காந்த வளையத்துக்குள் சென்றால் 1, வெளியே சென்றால் 0. மொத்தம் 36,864 சொற்கள் கொள்ளளவு. பின்னி முடிக்க வாரக்கணக்கில் ஆகும் என்பதால் பறப்புக்கு வெகு நாள் முன்பே நிரலை உறையவைக்க வேண்டியிருந்தது. அதன் பிறகு வரும் எந்தத் திருத்தமும் எழுத்து வடிவக் கோரிக்கையாக ஒரு கட்டுப்பாட்டு வாரியத்தின் முன் சென்றது. அப்பல்லோ 11இல் நிலவில் இறங்கிய கலத்தில் லூமினரி 99ஆம் பதிப்பும், தாய்க்கலத்தில் கோமான்ச்சி 55ஆம் பதிப்பும் இருந்தன என்று இன்றும் ஐயமின்றிச் சொல்ல முடிவதற்கு அந்த ஒழுங்கே காரணம்.

மென்பொருள் துறைக்குள் வருகை

1968இல் ஜெர்மனியின் கார்மிஷ் நகரில் நேட்டோ கூட்டிய மாநாடு மென்பொருள் பொறியியல் என்ற துறைக்குப் பெயரும் உருவமும் கொடுத்தது. அதையடுத்து நியூயார்க் டைம்ஸ் நாளிதழின் தகவல் தொகுப்புக்காக ஐ.பி.எம். நிறுவனம் ஏறத்தாழ 83,000 வரி நிரல் எழுதியபோது, ஹார்லன் மில்ஸ் வகுத்த குழு அமைப்பில் ‘நிரல் நூலகர்’ என்ற பதவி இருந்தது. நிரலின் நடப்புப் பிரதியும் பழைய பிரதிகளும் சோதனை முடிவுகளும் அவரிடமே இருக்கும். மென்பொருளில் உள்ளமைவைக் காக்கும் தனிப் பொறுப்புக்கு இதை முன்னோடி எனலாம்.

1972இல் பெல் ஆய்வகத்தில் மார்க் ராக்கைண்ட் எழுதிய எஸ்.சி.சி.எஸ். இந்த வேலையின் ஒரு பகுதியைக் கணினியிடம் ஒப்படைத்தது. ஒவ்வொரு பதிப்பையும் முழுதாகச் சேமிக்காமல், முந்தையதிலிருந்து மாறிய வரிகளை மட்டும் அது சேமித்தது. பர்டூ பல்கலைக்கழகத்தின் வால்டர் டிக்கி 1982இல் ஆர்.சி.எஸ்.ஸை அறிமுகப்படுத்தினார். அதில் கடைசிப் பதிப்பு முழுதாக இருக்கும்; பழையவை பின்னோக்கிய வேறுபாடுகளாக இருக்கும். அடிக்கடி தேவைப்படுவது கடைசிப் பதிப்பு என்பதால் அதை எடுப்பது விரைவானது. ஆர்.சி.எஸ்.ஸில் ஒருவர் பூட்டி வைத்திருக்கும் கோப்பை மற்றவர் திருத்த முடியாது. 1986இல் டிக் க்ரூன் தொடங்கிய சி.வி.எஸ்., பலர் ஒரே கோப்பில் ஒரே நேரத்தில் வேலை செய்து பின்னர் இணைக்க வழி செய்தது.

கருவிகளுடன் விதிகளும் வளர்ந்தன. மென்பொருள் உள்ளமைவுத் திட்டம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஐ.இ.இ.இ. 828 என்ற தரநிலை 1983இல் வந்தது. இத்துறையின் நான்கு பணிகள் அதற்குள் நிலைபெற்றுவிட்டன: உறுப்புகளை இனங்கண்டு எண்ணிடுதல், மாற்றத்தைக் கட்டுப்படுத்துதல், நடப்பு நிலையைக் கணக்கில் வைத்தல், பதிவும் பொருளும் ஒத்துப்போகின்றனவா என்று தணிக்கை செய்தல். ஒப்புதல் பெற்று உறையவைத்த நிலை பேஸ்லைன் எனப்படும். அடுத்து வரும் மாற்றங்கள் எல்லாம் அதிலிருந்தே கணக்கிடப்படும்.

முன்மாதிரி முறையின் வளர்ச்சி

புதிய வகை மென்பொருளை இருமுறை செய்யுங்கள், முதலாவதை ஒத்திகையாக வையுங்கள் என்று வின்ஸ்டன் ராய்ஸ் 1970இல் எழுதினார். முதலில் செய்வதை எறிந்துவிடத் திட்டமிடுங்கள் என்று ஃபிரெட் புரூக்ஸ் 1975இல் வலியுறுத்தினார். இருபது ஆண்டு கழித்து அதே நூலின் புதிய பதிப்பில், அந்த அறிவுரை மிக எளிமையானது என்று திருத்தி, படிப்படியாக வளர்க்கும் முறையை ஆதரித்தார்.

1984இல் இரண்டு ஆய்வுகள் விவாதத்தைத் தெளிவாக்கின. கிறிஸ்டியானே ஃபிளாய்ட் முன்மாதிரிகளை மூன்றாகப் பிரித்தார்: தேவையை அறிய உதவுபவை, ஒரு தீர்வு வேலை செய்யுமா என்று சோதிப்பவை, வளர்ந்து இறுதிப் பொருளாகவே ஆகுபவை. பாரி போமும் அவர் குழுவினரும் ஒரே சிறு மென்பொருளை ஏழு குழுக்களிடம் கொடுத்தனர். நான்கு குழுக்கள் தேவை ஆவணம் எழுதித் தொடங்கின. மூன்று முன்மாதிரி செய்து தொடங்கின. முன்மாதிரி வழியில் சென்றவை ஏறத்தாழ அதே திறனுள்ள பொருளை 40 சதவீதம் குறைந்த நிரலில், 45 சதவீதம் குறைந்த உழைப்பில் முடித்தன. ஆவணம் எழுதிய குழுக்களின் பொருள்கள் ஒருங்கிணைப்பில் மேம்பட்டிருந்தன. 1986இல் போம் வெளியிட்ட சுருள் மாதிரி, ஒவ்வொரு சுற்றிலும் ஆபத்தை எடைபோட்டு முன்மாதிரி செய்வதையும், சுற்றின் முடிவில் பரிசீலனை செய்து அடுத்ததற்கு உறுதி கொடுப்பதையும் ஒரே வரைபடத்தில் சேர்த்தது.

எவ்வளவு கட்டுப்பாடு வேண்டும் என்பது முன்மாதிரியின் வகையைப் பொறுத்தது. எறியப்போகும் முன்மாதிரிக்கு எது சோதிக்கப்பட்டது, என்ன தெரியவந்தது, எந்தப் பதிப்பில் தெரியவந்தது என்ற குறிப்பு போதும். வளர்க்கப்போகும் முன்மாதிரிக்கு முதல் நாளிலிருந்தே முழு உள்ளமைவு ஒழுங்கு வேண்டும். எறிவதற்காகச் செய்ததை வாடிக்கையாளர் விரும்பிவிட, அப்படியே பயன்பாட்டுக்கு அனுப்புவதுதான் திட்டங்களில் அடிக்கடி நேரும் விபத்து.

பொறுப்புகள்

பெரிய திட்டங்களில் இப்பணி பலரிடையே பகிரப்படுகிறது. உள்ளமைவு மேலாளர் திட்டத்தை எழுதி, எண்ணிடும் முறையை வகுத்து, பேஸ்லைனை அறிவிக்கிறார். இந்திய நிறுவனங்களில் கான்ஃபிகரேஷன் கன்ட்ரோலர் எனப்படுபவர் பதிப்புகளைச் சேமிக்கும் களஞ்சியத்தையும் அனுமதிகளையும் நாள்தோறும் பார்த்துக்கொள்கிறார். மாற்றக் கட்டுப்பாட்டுக் குழுவில் திட்ட மேலாளர், வடிவமைப்பாளர், சோதனையாளர், வாடிக்கையாளரின் பிரதிநிதி ஆகியோர் அமர்ந்து ஒவ்வொரு கோரிக்கையின் செலவையும் விளைவையும் எடைபோடுகிறார்கள். பில்டு பொறியாளர் மூல நிரலிலிருந்து இயங்கும் மென்பொருளை உருவாக்குகிறார். வெளியீட்டு மேலாளர் அதைப் பயன்பாட்டுக்கு அனுப்புகிறார். தணிக்கையாளர் இவர்களில் ஒருவராக இருக்கக் கூடாது என்பது பொதுவிதி.

மேற்குச் சென்னையின் வரலாறு

இந்தியாவில் இதற்கு ஓர் எடுத்துக்காட்டாக, மேற்குச் சென்னையில் இந்த ஒழுங்கு மென்பொருளுக்கு முன்பே இரும்பில் பழகிவந்தது. அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964இல் தொடங்கியது. பாடியில் வீல்ஸ் இந்தியா, லூகாஸ் டி.வி.எஸ்., சுந்தரம் கிளேட்டன் ஆகியவை 1960களில் அமைந்தன.

உதிரிபாக ஆலையில் வரைபடத்தின் வலது கீழ்மூலையில் ஒரு கட்டம் இருக்கும். அதில் பாக எண், திருத்த எழுத்து, தேதி, கையொப்பம் ஆகியவை உண்டு. துளையின் அளவு மாறினால் ஏ என்பது பி ஆகும். பழைய பிரதிகள் கடைசல் இயந்திரத்தின் பக்கத்திலிருந்து திரும்பப் பெறப்பட்டு, செல்லாதவை என்று முத்திரையிடப்படும். புதிய பாகத்தின் முதல் மாதிரியை வாகன நிறுவனம் அளந்து ஒப்புக்கொண்ட பிறகே தொடர் உற்பத்தி நடக்கும். சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு 1998இல் ஜப்பானின் டெமிங் பரிசைப் பெற்றபோது, இத்தகைய செயல்முறை ஒழுக்கத்துக்கு உலக அங்கீகாரம் கிடைத்தது.

ஆவடியில் இது இன்னும் பெரிய அளவில் நடந்தது. 1960களில் விஜயந்தா டாங்கி கனரக வாகனத் தொழிற்சாலையில் உருவானது. போர் ஊர்தி ஆராய்ச்சி மேம்பாட்டு நிறுவனமான சி.வி.ஆர்.டி.இ. 1976இல் அமைந்தது. 1974இல் ஒப்புதல் பெற்ற அர்ஜுன் டாங்கியின் முன்மாதிரிகள் 1980களில் வெளிவந்தன. ராணுவம் கேட்ட மாற்றங்களுடன் நீண்ட சோதனைகள் தொடர்ந்தன. 2000இல் 124 டாங்கிகளுக்கு ஆர்டர் வந்தது. 2021 செப்டம்பரில் 7,523 கோடி ரூபாய்க்கு 118 டாங்கிகள் ஆர்டர் செய்யப்பட்ட மார்க் 1ஏ வகையில் 72 புதிய அம்சங்கள் உள்ளன. ஒவ்வோர் அம்சமும் வரைபடம், உதிரிபாகப் பட்டியல், பராமரிப்புக் கையேடு ஆகியவற்றைத் தொடுகிறது. குறிபார்க்கும் கணினி போன்ற மின்னணு உறுப்புகளில் அவற்றின் மென்பொருளையும் தொடக்கூடும். எந்த டாங்கியில் எது இருக்கிறது என்று சொல்ல முடியாவிட்டால் களத்தில் பழுது நீக்க முடியாது.

இந்தியப் பாதுகாப்புத் துறையில் இதற்கு ஏ.எச்.எஸ்.பி. என்ற தனிப் பொறுப்பே உண்டு. ஒரு தளவாடத்தின் முத்திரையிட்ட விவரங்கள், அதாவது அதிகாரபூர்வ வரைபடங்களும் விவரக்குறிப்புகளும் அப்பொறுப்பை ஏற்ற அமைப்பிடம் இருக்கும். அவற்றைத் திருத்தும் உரிமையும் அதனுடையது. வடிவமைத்த ஆய்வகம் பணி முடிந்ததும் இவற்றைத் தர உறுதி அமைப்பிடம் ஒப்படைப்பது வழக்கம். கனரக வாகனங்களுக்கான தர உறுதி அலுவலகமும் ஆவடியிலேயே அமைந்தது.

தரச்சான்றும் இந்திய மென்பொருள் நிறுவனங்களும்

கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் மென்பொருள் பொறியியல் நிலையம் 1991இல் வெளியிட்ட சி.எம்.எம். என்ற முதிர்ச்சி மாதிரியில், இரண்டாம் நிலைக்கான ஆறு துறைகளுள் உள்ளமைவு மேலாண்மையும் ஒன்று. இதில் தேறாமல் மேல்நிலைக்குப் போக முடியாது. மோட்டரோலாவின் பெங்களூருப் பிரிவு 1993இல் ஐந்தாம் நிலையை எட்டியது. வெளிநாட்டு வாடிக்கையாளரின் நம்பிக்கையைப் பெற வேண்டியிருந்த மற்ற இந்திய நிறுவனங்களும் அதே வழியில் சென்றன. 2000ஆம் ஆண்டுச் சிக்கலுக்கான திருத்தப் பணிகள் இந்தத் தேவையைக் கூட்டின: தேதியைத் திருத்தும் முன், ஓடிக்கொண்டிருக்கும் நிரலுக்கு உரிய மூல நிரல் எது என்று கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

அதன் பின் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஆலைகளுக்கு இடையே மென்பொருள் அலுவலகங்கள் எழுந்தன. 2024 நவம்பரில் ஆவடியை அடுத்த பட்டாபிராமில் 21 மாடி டைடல் பூங்கா திறக்கப்பட்டது.

கிட்டுக்குப் பின்

லினக்ஸ் குழு பயன்படுத்திவந்த பிட்கீப்பர் கருவியின் இலவச உரிமம் விலக்கப்பட்டபோது, லினஸ் டோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரலில் கிட்டை எழுதினார். இதில் ஒவ்வொரு நிலைக்கும் அதன் உள்ளடக்கத்திலிருந்தே கணக்கிட்ட 40 இலக்க அடையாளம் கிடைக்கிறது. ஓர் எழுத்து மாறினாலும் அடையாளம் மாறிவிடும். ஒவ்வொருவர் கணினியிலும் முழு வரலாறும் இருக்கிறது. கிளை பிரிப்பது நொடியில் முடிவதால், பிரதான நிரலைத் தொடாமல் தனிக் கிளையில் முன்மாதிரி செய்து, பலித்தால் இணைத்து, பலிக்காவிட்டால் விடுவது அன்றாட வழக்கமானது. பப்பெட், ஆன்சிபிள் போன்ற கருவிகள் சர்வரின் அமைப்பையும் நிரலாக எழுதி அதே களஞ்சியத்தில் வைக்கச் செய்தன.

ஆனால் கருவி மட்டும் பொறுப்பை நிறைவேற்றிவிடாது என்பதை நைட் கேபிடல் நிகழ்வு காட்டியது. 2012 ஆகஸ்ட் 1இல் இந்த அமெரிக்கப் பங்கு வணிக நிறுவனம் புதிய நிரலுடன் சந்தையில் இறங்கியது. எட்டு சர்வர்களில் ஒன்றில் மட்டும் அந்த நிரல் ஏற்றப்படவில்லை. பல ஆண்டுகள் பயன்படாமல் கிடந்த பழைய நிரல் அதில் உயிர்பெற்று, தேவையற்ற ஆணைகளை அனுப்பிக்கொண்டே இருந்தது. முக்கால் மணி நேரத்தில் இழப்பு 40 கோடி டாலரைத் தாண்டியது. எட்டிலும் ஒரே பதிப்பு இருக்கிறதா என்று இரண்டாமவர் ஒருவர் சரிபார்க்கும் நடைமுறை இல்லை என்று பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையம் கண்டறிந்தது.

இன்று பல நிறுவனங்களில் உள்ளமைவு மேலாளர் என்ற பதவி தனியாக இல்லை. அதன் பணிகள் டெவ்ஆப்ஸ் பொறியாளரிடமும், தானாக பில்டு செய்து சோதிக்கும் அமைப்புகளிடமும், நிரலை இணைக்கும் முன் படித்துப் பார்க்கும் சக பொறியாளரிடமும் பிரிந்துள்ளன. விமானம், மருத்துவக் கருவி, பாதுகாப்புத் தளவாடம் போன்ற துறைகளில் கட்டுப்பாட்டுக் குழுவும் தணிக்கையும் முறைப்படி தொடர்கின்றன. இயந்திரக் கற்றல் மென்பொருளில் நிரலுடன் பயிற்சித் தரவையும் மாதிரியின் எடைகளையும் பதிப்பிட வேண்டியுள்ளது. செயற்கை நுண்ணறிவு உதவியால் முன்மாதிரி சில மணி நேரத்தில் உருவாகும் நிலையில், எது எறிய வேண்டியது, எது வளர்க்க வேண்டியது என்று தீர்மானித்துப் பதியும் பணியின் அளவும் அதற்கேற்பக் கூடியுள்ளது. அந்தத் தீர்மானத்துக்கும் பதிவுக்கும் பெயர் சொல்லி ஒருவரைப் பொறுப்பாக்குவது இன்றைய திட்டங்களிலும் அடிப்படை விதி.