எறியப்படாத கடிதங்கள்

அப்பா பலெர்மோவில் முதன்முதலாகக் கால் வைத்தது ஸ்தாசியோனே சென்ட்ராலேயில்தான். 1991-ஆம் ஆண்டு, ரோமிலிருந்து வந்த இரவு ரயில். மெசினா நீரிணையில் ரயில் பெட்டிகளைப் பிரித்துக் கப்பலில் ஏற்றுவார்கள் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. நித்திரையால் எழும்பிப் பார்த்தபோது ரயில் கடலில் போய்க்கொண்டிருந்ததாம். இந்தக் கதையை எங்கள் வீட்டில் நூறு தரம் கேட்டிருப்பேன்.

அன்று அவர் கையில் இருந்த மண்ணிற சூட்கேஸ் இன்னும் எங்கள் அலுமாரிக்கு மேலே இருக்கிறது. ஊரிலிருந்து வந்த நீலநிற எயார் மெயில் கடிதங்கள், காசு அனுப்பிய ரசீதுகள், காலாவதியான சொஜோர்னோப் பிரதிகள், ஒரு பழைய ரயில் ரிக்கெற், பெயர் தெரியாதவர்களின் கலியாணப் படங்கள் எல்லாம் அதற்குள் கிடக்கின்றன. போன மாதம் வீடு மாறுவதற்காகச் சாமான் கட்டியபோது அம்மா சொன்னா: "அதையெல்லாம் எறிஞ்சு விடு பிள்ளை. இனி ஆருக்கு வேணும்?"

எனக்கும் பதில் தெரியவில்லை. அந்த ஞாயிறு காலை, புது வீட்டுக்கு மலிவாக ஒரு கதிரை கிடைக்குமா என்று பார்க்க, ஸ்டேசனடியிலிருந்து பழைய சாமான் சந்தைக்கு நடந்து போனேன்.

உங்களில் பலருக்குப் பல்லாறோவைத் தெரிந்திருக்கும். நான் சொல்வது அதற்கும் அப்பால், கதீட்ரலுக்குப் பின்னால், பியாட்சா பெரான்னியில் இருக்கும் 'மெர்காத்தோ தெல்லே புல்ச்சி'. தமிழில் சொன்னால் தெள்ளுச் சந்தை. பழைய மெத்தையிலும் உடுப்பிலும் தெள்ளு ஒட்டிக்கொண்டு வரும் என்பதால் பிரான்சில் இப்படியொரு பெயர் வந்தது என்பார்கள். ஸ்டேசனிலிருந்து வியா மக்குவேதா வழியாகப் போய், குவாத்ரோ காந்தியில் இடப்பக்கம் திரும்பி மேலே ஏறினால் அரை மணி நேரத்துக்குள் போய்விடலாம்.

போகும் வழியில் கதீட்ரலின் தெற்கு வாசலில் ஒரு நிமிடம் நில்லுங்கள். இடப்பக்கத் தூண் ஒன்றில் அரபு எழுத்துகள் செதுக்கப்பட்டிருக்கும். அது குர்ஆன் வசனம். 831-இல் அரபுப் படைகள் பலெர்மோவைப் பிடித்த பிறகு இங்கே இருந்த தேவாலயம் பள்ளிவாசலானது. பிறகு நோர்மன்கள் வந்தார்கள், பள்ளிவாசல் மறுபடி தேவாலயமானது. இப்போது நாம் பார்க்கும் கதீட்ரலை 1185-இல் கட்டத் தொடங்கினார்கள். அந்தத் தூணை உடைத்து எறியாமல் வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். அதுவும் ஒரு பழைய சாமான்தான். ஒருவருக்கு வேண்டாமற்போனது இன்னொருவரின் வாசலைத் தாங்குகிறது.

சந்தை என்றால் பெரிய கட்டடத்தை எதிர்பார்க்காதீர்கள். தகரக் கொட்டில்கள், அவற்றின் முன்னால் வெட்டவெளியில் பரப்பிவைத்த சாமான்கள். பளிங்கு மேசை, உடைந்த சரவிளக்கு, கால் மிதிக்கும் தையல் மெசின், மரத்தாலான புனிதர் சிலைகள், செம்புச் சட்டிகள், நூறு வருடப் பழமையான சிசிலித் தரையோடுகள். 1943 மே 9 அன்று நேச நாட்டு விமானங்கள் பலெர்மோவைக் கடுமையாகக் குண்டுவீசித் தாக்கின. பழைய நகரத்தின் மாளிகைகள் பல இடிந்தன. இந்தச் சந்தை போருக்குப் பின் வந்த ஆண்டுகளில் உருவானது. ஒரு நகரம் உடைந்தால் அதன் வீட்டுச் சாமான்கள் தெருவுக்குத்தானே வரும்? இது நமக்குத் தெரியாத கதையா?

கதிரை ஒன்றும் சரிவரவில்லை. ஆனால் ஒரு கொட்டிலின் முன்னால் சப்பாத்துப் பெட்டி ஒன்று இருந்தது. அதற்குள் பழைய கடிதங்களும் தபாலட்டைகளும் படங்களும். எதை எடுத்தாலும் ஒரு யூரோ. நான் எடுத்த கடிதம் 1912-இல் நியூயோர்க்கிலிருந்து வந்தது. எழுத்து கோணல் மாணலாக இருந்தது, பாதிதான் விளங்கியது. காசு அனுப்பியிருக்கிறேன், வந்து சேர்ந்ததா என்று மகன் அம்மாவைக் கேட்கிறான். ஒலிவ் அறுவடை முடிந்ததா என்று கேட்கிறான். உங்கள் படம் ஒன்று அனுப்புங்கள் என்கிறான்.

எனக்கு உடனே அப்பாவின் சூட்கேஸ்தான் ஞாபகம் வந்தது. ஒலிவ் இருந்த இடத்தில் வெங்காயத்தை வைத்தால் அது எங்கள் வீட்டுக் கடிதம்.

அந்தக் காலத்தில் சிசிலி ஆட்கள் வெளியேறும் இடமாக இருந்தது. 1913 என்ற ஒரே வருடத்தில் மட்டும் இத்தாலியிலிருந்து 8 லட்சத்து 70 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் புறப்பட்டார்கள். அவர்களில் பெருந்தொகையினர் சிசிலியர்கள், பலர் போனது அமெரிக்காவுக்கு. ஸ்தாசியோனே சென்ட்ராலே திறந்தது 1886-இல். நம் பெற்றோர் வந்திறங்கிய அதே மேடைகளில் அழுது வழியனுப்பிய தாய்மாரும் நின்றிருப்பார்கள். அவர்களில் யாரோ ஒருவரின் மகன் எழுதிய கடிதம், பேரப்பிள்ளைகளுக்கு வேண்டாமற்போய், இப்போது என் கையில் ஒரு யூரோவுக்கு இருந்தது.

இந்தச் சந்தை நிற்கும் நிலத்துக்கும் எழுத்துக்கும் ஒரு பழைய உறவு உண்டு. பக்கத்துத் தெருவின் பெயர் வியா பாப்பிரேத்தோ. முன்பு இங்கே ஓடிய ஆற்றின் பெயர் அது. 16-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அந்த ஆற்றை நிலத்துக்கடியில் விட்டு மூடிவிட்டார்கள். அதன் கரையில் பப்பைரஸ் என்ற கோரைப் புல் வளர்ந்ததால் வந்த பெயர். 973 அளவில் பலெர்மோவுக்கு வந்த இப்னு ஹவ்கல் என்ற அரபுப் பயணி அந்தப் புல்லைப் பற்றி எழுதியிருக்கிறார். பெரும்பகுதியைக் கப்பலுக்குக் கயிறாகத் திரித்தார்கள்; கொஞ்சத்தில் ஆட்சியாளருக்கு எழுதும் ஏடு செய்தார்கள். நமது பனையை நினைத்துப் பாருங்கள். தும்பில் கயிறு, ஓலையில் எழுத்து. இரண்டு ஊர்களிலும் ஒரே வேலைப் பங்கீடு.

பிறகு காகிதம் வந்தது. சிசிலியை ஆண்ட அடெலாசியா என்ற சீமாட்டி, தன் சின்ன மகன் றொஜருக்காக ஆட்சியை நடத்திய காலத்தில், 1109-இல் ஒரு கடிதம் அனுப்பினார். ஒரு மடத்தைப் பாதுகாக்கும்படி அதிகாரிகளுக்கு இட்ட சாதாரண உத்தரவு. கிரேக்கத்திலும் அரபிலும் எழுதியது. ஐரோப்பாவில் எஞ்சியிருக்கும் மிகப் பழைய காகித ஆவணமாக இன்று அதைத்தான் கருதுகிறார்கள். பலெர்மோவின் அரச ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது.

ஆனால் அந்தக் காலத்தவர்கள் காகிதத்தை நம்பவில்லை. கிழியும், ஈரத்தில் ஊறும், பூச்சி தின்னும். மகன் றொஜர் அரசனான பிறகு, 1145-இல், பழைய காகித ஆவணங்களைத் தோலில் திரும்ப எழுதச் சொன்னான். அவனுடைய பேரன் இரண்டாம் பிரெடெரிக் 1231-இல் பொது ஆவணங்களுக்குக் காகிதமே கூடாது என்று சட்டம் போட்டான். அப்படியிருந்தும் அந்த ஒரு துண்டு 900 வருடம் தாண்டி வந்திருக்கிறது. அதில் பெரிய விசயம் எதுவும் எழுதியிருக்கவில்லை. தலைமுறை தலைமுறையாக யாரோ அதை எறியாமல் வைத்தார்கள், அவ்வளவுதான்.

நம் ஊரிலும் இப்படி ஒரு கதை உண்டு. 1911-இல் காலியில் ஒரு வடிகாலின் மூடியாகக் கிடந்த கல்லைப் புரட்டிப் பார்த்தார்கள். சீனம், தமிழ், பாரசீகம் என்று மூன்று மொழிகளில் எழுத்து இருந்தது. சீனக் கடற்படைத் தளபதி செங் ஹேயின் பயணத்தை ஒட்டி 1409-இல் பொறித்த கல்வெட்டு அது. இன்று கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் நிற்கிறது. எத்தனை வருடம் ஆட்கள் அதை மிதித்துக்கொண்டு நடந்தார்களோ!

மிஞ்சாத கதையும் உண்டு. யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981-இல் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்கள் போயின. ஓலைச்சுவடிகளும் அவற்றோடு எரிந்தன. அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பு, அதே யாழ்ப்பாணத்தின் சிறுப்பிட்டியில் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை, செல்லரித்த ஏடுகளைத் தேடித்தேடி அச்சில் ஏற்றிக்கொண்டிருந்தார். 1887-இல் கலித்தொகையை அவர் பதிப்பித்தார். யாரோ ஒருவரின் வீட்டுப் பரணில் கிடந்த ஏட்டை, "இனி ஆருக்கு வேணும்" என்று அடுப்பில் போடாததால்தான் அவர் கைக்கு அது கிடைத்தது.

கடிதத்தை நான் வாங்கினேன். கதிரை இல்லாமல் வீட்டுக்கு வந்து, சூட்கேஸை இறக்கினேன். அப்பா முதலில் சிரித்தார். பிறகு பக்கத்தில் வந்து இருந்தார். அந்தக் கலியாணப் படத்தில் இருப்பவர்கள் யார் என்று கேட்டேன். மாப்பிள்ளை அவருடைய பெரியம்மாவின் மகன். "வன்னியில செத்திட்டான்," என்றார். அந்தப் பெயரை அன்றுவரை எங்கள் வீட்டில் நான் கேட்டதே இல்லை. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்து தானும் இருந்தா. படத்தின் பின்பக்கத்தில் பென்சிலால் பெயரையும் ஊரையும் எழுதினேன். பேனை வேண்டாம், மை ஊறும்.

நீங்களும் இதைச் செய்யுங்கள். பெரிதாக ஒன்றும் வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு பென்சில், ஒரு கைபேசி போதும். ஒவ்வொரு படத்திலும் இருப்பது யார் என்று அம்மா அப்பாவிடம் கேட்டு எழுதுங்கள். கடிதங்களின் இரண்டு பக்கத்தையும் படம் எடுங்கள். உறையையும் விடாதீர்கள், முத்திரைத் திகதி அதில்தான் இருக்கும். ஈரமில்லாத பெட்டியில் வையுங்கள். ஈழத்து நூல்களையும் ஆவணங்களையும் 2005 முதல் இணையத்தில் சேர்த்துவரும் 'நூலகம்' தளத்தையும் ஒருமுறை பாருங்கள். பழைய சங்க மலர்களும் திருவிழாத் துண்டுப்பிரசுரங்களும் கூட நாளைக்கு வரலாறு என்பது அங்கே விளங்கும்.

பலெர்மோவில் தமிழர் வரலாறு நம் வீடுகளிலும் இருக்கிறது. அது இப்போது அலுமாரிகளுக்கு மேலே, கட்டில்களுக்குக் கீழே இருக்கிறது. நாங்கள் எறிந்தால் குப்பைக்குப் போகும், அல்லது ஒருநாள் பியாட்சா பெரான்னியில் ஒரு சப்பாத்துப் பெட்டிக்குள் கிடக்கும். அதை எடுத்துப் பார்ப்பவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரிந்திருக்குமா?

சூட்கேஸ் எங்களோடு புது வீட்டுக்கு வந்துவிட்டது. நியூயோர்க் கடிதமும் அதற்குள்தான் இருக்கிறது.