பெரியாற்று வனச் சமூகச் சுற்றுலா

கேரளத்து இடுக்கி மாவட்டத்தில், 1895-இல் முடிவுற்ற முல்லைப் பெரியாற்று அணையினால் உண்டான ஏரியைச் சூழ்ந்து, தேனி மாவட்ட எல்லைவரை பரந்து கிடப்பதும், 1978 முதல் புலிகள் காப்பகமாக விளங்குவதுமான வனத்தில், அவ்வனத்தை அண்டி வாழும் ஜனங்களே யாத்திரிகர்களுக்கு வழிகாட்டிகளாய் நின்று ஜீவனம் பெறும் ஏற்பாடு இப்பெயரால் குறிக்கப்பெறும்.

வயணை என்னும் காட்டிலவங்க மரத்தின் பட்டையைத் திருட்டுத்தனமாக உரித்து விற்று, வழக்குகளுக்கு அஞ்சி ஒளிந்து திரிந்த சிலர், 1996-இல் தொடங்கிய சூழல் மேம்பாட்டுத் திட்டத்தின் பயனாக வனத்துறையோடு இணங்கி, தாம் களவுக்கென்று அறிந்து வைத்திருந்த ஒற்றையடிப் பாதைகளிலேயே பிறரை அழைத்துச் செல்லவும் மரங்களைக் காவல் புரியவும் முற்பட்டமை இதன் சரித்திரத்தில் மிக உன்னதமான பகுதியாகும். அட்டை ஏறாதபடி முழங்கால்வரை துணியுறை கட்டிவிட்டு, ஈர மண்ணிற் பதிந்த சுவட்டைக் குனிந்து நோக்கி, காட்டெருமை சென்ற திசையைக் கூறவல்ல அவர்களுடைய ஞானம் எந்தக் கலாசாலையிலும் கிட்டுவதன்று.

மன்னான், பளியர் ஆகிய பழங்குடியினரும் இம்முயற்சியிற் பங்குடையர். மூங்கில் தெப்பப் பயணம், இராக்காவல் நடை முதலியவற்றால் வரும் வருவாயின் ஒரு பகுதி கிராமக் குழுக்களின் பொதுநிதியைச் சேரும். இக்கிராமங்களின் பெண்கள் ‘வசந்த சேனை’ என்னும் பெயருடன், கூலி ஏதும் பெறாமல், முறைவைத்து நாள்தோறும் காட்டைச் சுற்றிக் காவல் புரிந்து வருவது தனித்துப் போற்றத்தக்கது.